பெயருக்கும் ஒரு பேரேடு வேண்டும்

நமது வர்த்தகர் ஒருவரிடம் அவருடைய முதல் எவ்வளவு என்று கேட்டால் தயங்காமல் கணக்குச் சொல்வார். கடையிலும் களஞ்சியத்திலும் இருக்கும் சரக்கு, வெளியூர் வியாபாரிகளிடம் நிற்கும் கடன், வங்கியில் கிடக்கும் பணம், வாங்கிப் போட்ட காணித்துண்டு என்று ஒவ்வொன்றாக வரும். வருடம் ஒருமுறை ஸகாத் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதால் இந்த விடயத்தில் நம்மவர்கள் பலரும் தெளிவாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் வருவதில்லை. கடை வாசலில் பலகையில் எழுதியிருக்கும் பெயர்தான் அது. அந்தப் பெயரைச் சொன்னால் புறக்கோட்டையில் சரக்கு கடனுக்குக் கிடைக்கிறது. அந்தப் பெயரை நம்பி வாடிக்கையாளர் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார். இருந்தும் அதை ஒரு முதலாக நாம் எண்ணுவதில்லை. எண்ணாத பொருளை யாரும் பத்திரப்படுத்துவதுமில்லை.

பெயர் என்பது எப்படி முதலாகிறது, அது எப்படி வளர்கிறது, எப்படிச் செலவாகிறது என்பதைக் காட்ட, ஒரு தொழில்முறை கோல்ப் வீரரின் வாழ்க்கையை இங்கு எடுத்துக் கொள்கிறேன். வர்த்தகப் பக்கத்தில் கோல்ப் வீரருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொழும்பிலும் நுவரெலியாவிலும் உள்ள கோல்ப் மைதானங்களை நம்மில் பெரும்பாலானோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் அமெரிக்கரான ஆர்னோல்ட் பால்மரின் கணக்கைப் பார்த்தால் அவர் வீரர் என்பதை விட வர்த்தகர் என்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு இதுதான். பால்மர் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைச் சுற்றில் 62 போட்டிகளில் வென்றார். அவற்றில் கடைசி வெற்றி 1973 இல் கிடைத்தது. அந்தச் சுற்றில் தன் வாழ்நாள் முழுவதும் அவர் பெற்ற பரிசுப் பணம் ஏறக்குறைய 18.6 இலட்சம் டொலர். கடைசி வெற்றிக்கு 41 வருடங்களுக்குப் பின்னர், 2014 என்ற ஒரே வருடத்தில் அவருடைய வருமானம் 42 மில்லியன் டொலர் என்று 'போர்ப்ஸ்' சஞ்சிகை கணக்கிட்டது. அப்போது அவருக்கு வயது 85. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களின் அந்த வருட வருமானப் பட்டியலில் மைக்கல் ஜோர்டனுக்கும் டேவிட் பெக்காமுக்கும் அடுத்து மூன்றாவது இடம் அவருடையது. டொலரின் பெறுமதி காலத்தோடு குறைந்தது என்பதை ஒத்துக்கொண்டாலும், வாழ்நாள் பரிசுப் பணத்தின் 22 மடங்குக்கு மேற்பட்ட தொகையை ஒரு முதியவரின் பெயர் ஒரே வருடத்தில் கொண்டுவந்தது என்பது சாதாரண விடயமல்ல.

சம்பளம் இல்லாத தொழில்

பால்மர் 1929 செப்டெம்பர் 10 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் லட்ரோப் என்ற சிறிய நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் கோல்ப் கழகத்தில் புற்றரை பராமரிக்கும் வேலையில் இருந்தவர், பின்னர் அங்கேயே பயிற்றுநராகவும் ஆனவர். இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய கால் ஒன்று ஊனமுற்றிருந்தது. கழகத்தின் அங்கத்தவர்கள் வசதி படைத்தவர்கள். ஊழியரின் பிள்ளை என்பதால் சிறுவன் ஆர்னோல்டுக்கு அங்கத்தவர் விளையாடும் நேரத்தில் மைதானத்தில் இடமில்லை, கழகத்தின் நீச்சல் தடாகத்திலும் இடமில்லை. ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் பழக வேண்டும். அந்தக் கழகத்தை 1971 இல் பால்மர் விலைக்கு வாங்கினார் என்பது பின்னால் வந்த கதை.

பல்கலைக்கழகப் படிப்பு, இடையில் நெருங்கிய நண்பனின் விபத்து மரணம், மூன்று வருடம் கரையோரக் காவல் படையில் சேவை என்று இளமை போனது. 1954 இல் அமெரிக்க அமெச்சூர் சம்பியன் பட்டத்தை வென்ற போது அவர் கிளீவ்லாண்ட் நகரில் பெயின்ட் விற்கும் விற்பனைப் பிரதிநிதி. அதே வருட இறுதியில்தான் தொழில்முறை வீரரானார்.

இந்தத் தொழிலின் வருமான முறையை நமது வாசகர்கள் இலகுவாக விளங்கிக் கொள்வார்கள். தொழில்முறை கோல்ப் வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. போட்டி பொதுவாக நான்கு நாட்கள். இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்கள், பெரும்பாலும் ஏறக்குறையப் பாதிப் பேர், வெளியேற வேண்டும். அவர்களுக்குப் பரிசுப் பணம் எதுவுமில்லை. ஆனால் பிரயாணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, மட்டைப் பை சுமக்கும் உதவியாளரின் கூலி எல்லாம் வீரரின் கையிலிருந்துதான். சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போய் விற்பனையாகாமல் லொறிக் கூலியும் கொடுத்துத் திரும்பும் வியாபாரியின் நிலை இது. போதாததற்கு, அந்நாளைய சங்க விதிப்படி புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதங்களுக்குச் சுற்றுப் போட்டிகளில் பரிசுப் பணம் பெற முடியாது. பால்மரும் புதிதாக மணமுடித்த மனைவியும் காரின் பின்னால் வண்டி வீடு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1955 ஓகஸ்டில் கனேடிய ஓபன் போட்டியை வென்றதே முதல் வெற்றி. அதற்குக் கிடைத்த பரிசு 2,400 டொலர்.

குத்தகைக்குப் போன பெயர்

தொழிலுக்கு வந்தவுடன் பால்மர் செய்த முதல் ஒப்பந்தம் வில்சன் என்ற விளையாட்டுப் பொருள் கம்பனியுடன். ஆண்டுக்கு 5,000 டொலர் என்பது அன்றைய நிலையில் ஓர் இளைஞனுக்குப் பெரிய உதவி. அதற்குப் பதிலாக அவர் பெயரை மட்டைகளில் பொறித்து விற்கும் உரிமை கம்பனிக்குப் போனது. 1958 இல் மாஸ்டர்ஸ் பட்டம், 1960 இல் மீண்டும் மாஸ்டர்ஸ், அதே வருடம் அமெரிக்க ஓபன் என்று அவர் பெயர் வீடு வீடாகத் தெரிய வந்த பிறகும் அந்தப் பெயர் இன்னொருவரின் குத்தகையில்தான் இருந்தது.

இந்த இடத்தில் வருகிறார் மார்க் மெக்கோர்மக். கிளீவ்லாண்ட் நகரத்துச் சட்டத்தரணி, மாணவர் காலத்தில் தானும் கோல்ப் ஆடியவர். 1960 ஆம் ஆண்டளவில் பால்மரின் வர்த்தக விவகாரங்களைப் பார்க்கும் பொறுப்பை அவர் ஏற்றார். இருவருக்கும் இடையில் நடந்தது ஒரு கைகுலுக்கல் மட்டுமே என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. பால்மர் என்ற ஒரே வாடிக்கையாளரை வைத்துத் தொடங்கிய அந்த முகவர் நிறுவனம்தான் ஐ.எம்.ஜி. என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. மெக்கோர்மக் 2003 இல் இறந்தார். மறுவருடம் நிறுவனம் ஏறக்குறைய 750 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது.

மெக்கோர்மக் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்றும் பெரிய இரகசியமல்ல. வெற்றியை விற்காதே, ஆளை விற்பனைக்கு வை என்பதே அது. இந்த வருடச் சம்பியன் என்று விளம்பரம் செய்தால் அடுத்த வருடம் இன்னொருவர் சம்பியனாகிவிடுவார், விளம்பரமும் செத்துவிடும். ஆர்னோல்ட் பால்மர் என்ற மனிதரை முன்னிறுத்தினால் அவர் தோற்றாலும் பெயர் நிற்கும். வில்சனுடன் புதிய நிபந்தனைகளைப் பேசினார்கள், சரிவரவில்லை. எனவே இருந்த ஒப்பந்தம் 1963 இல் முடியும் வரை பொறுத்திருந்து, பெயரை மீட்டுக்கொண்டு, சொந்தப் பெயரிலேயே மட்டைகளை வெளியிட்டார்கள். எழுதிக்கொடுத்த தவணையை முறிக்காமல் காத்திருந்தது கவனிக்க வேண்டிய விடயம். குத்தகைக்குப் போன காணியைத் தவணை முடிந்து மீட்பது போலத்தான் அந்தப் பெயரும் மீண்டது.

பெயர் வளர்ந்த விதம்

பெயர் மைதானத்தில் கிடைத்த வெற்றிகளால் மட்டும் வளர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. பால்மர் காலத்திலேயே அவரை விடப் பெரிய வீரர் இருந்தார். முதன்மைப் பட்டங்கள் என்று கொள்ளப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஜக் நிக்லஸ் வென்றது 18, பால்மர் வென்றது 7. அந்த நான்கில் ஒன்றான பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப் பால்மருக்குக் கடைசி வரை கிட்டவேயில்லை. ஆனால் நான் மேலே சொன்ன 2014 பட்டியலில் பால்மர் மேலே, நிக்லஸ் கீழே. வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மூன்று விடயங்கள் எனக்குப் படுகின்றன.

முதலாவது, உடனே இலாபம் தராத பயணத்தையும் அவர் மேற்கொண்டார். அன்று அமெரிக்க வீரர்களில் பலர் பிரித்தானிய ஓபன் போட்டிக்குப் போவதில்லை. கடல் கடந்து போகும் செலவுக்கு அங்குள்ள பரிசு ஈடாகாது, தகுதிச் சுற்றும் ஆட வேண்டும். 1960 இல், அமெரிக்காவில் இரண்டு பெரும் பட்டங்களை வென்ற கையோடு பால்மர் ஸ்கொட்லாந்துக்குப் போனார். அவுஸ்திரேலியரான கெல் நேகலிடம் ஒரே ஓர் அடியால் தோற்று இரண்டாமிடம் பெற்றார். அந்த வருடக் கணக்கில் அது நட்டம். ஆனால் 1961 இலும் 1962 இலும் மீண்டும் போய் வென்றார். அமெரிக்காவுக்குள் இருந்த பெயர் உலகப் பெயரானது. பின்னாளில் ஆசியாவில் மைதானங்கள் அமைக்கும் வேலை வந்ததற்கும், 1984 இல் சீனாவின் சோங்ஷானில் திறக்கப்பட்ட மைதானத்தை வடிவமைக்கும் பொறுப்பு அவர் நிறுவனத்துக்குக் கிடைத்ததற்கும் விதை அங்கே போடப்பட்டது.

இரண்டாவது, சாதாரண மனிதரை அவர் மதித்த விதம். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவர், கயிற்றுக்கு வெளியே நிற்கும் பார்வையாளரை முகம் பார்த்துப் பேசினார். அவர் பின்னால் திரண்ட கூட்டத்துக்கு 'ஆர்னியின் படை' என்றே பெயர் வந்தது. கையொப்பம் கேட்டவருக்கு அவசரக் கிறுக்கல் போடுவதில்லை, எழுத்து எழுத்தாக வாசிக்கும்படி எழுதிக் கொடுப்பார். வாசிக்க முடியாத கையொப்பத்தால் யாருக்கு என்ன பயன் என்று இளைய வீரர்களிடமும் வலியுறுத்துவார். இதைச் சின்ன விடயம் என்று தள்ளிவிட முடியாது. வாங்கிப் போகிறவருக்குப் பற்றுச்சீட்டைத் தெளிவாக எழுதிக் கொடுக்கும் கடைக்கும், கிறுக்கி நீட்டும் கடைக்கும் உள்ள வித்தியாசம் இது.

மூன்றாவது, தோல்வியை அவர் சுமந்த விதம். 1966 அமெரிக்க ஓபன் போட்டியின் கடைசி நாளில், இன்னும் ஒன்பது குழிகளே மீதியிருக்க பால்மர் ஏழு அடிகள் முன்னிலையில் இருந்தார். அந்த ஒன்பது குழிகளுக்குள் பில்லி காஸ்பர் அவரைப் பிடித்துவிட்டார். மறுநாள் நடந்த மேலதிக ஆட்டத்தில் பால்மர் தோற்றார். கோல்ப் வரலாற்றில் பெரிய சரிவுகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. ஆறு வருடங்களுக்கு முன் இதே போட்டியில் ஏழு அடிகள் பின்தங்கியிருந்து கடைசிச் சுற்றில் 65 அடித்து வென்றவர் அவர். ஏறியதையும் விழுந்ததையும் மக்கள் கண்ணால் கண்டார்கள். விழுந்த பிறகும் படை கலையவில்லை. வெற்றி பெறுபவரைத் தேடி வரும் கூட்டம் வெற்றியோடு போய்விடும். ஆளை நம்பி வரும் கூட்டம் நட்டத்திலும் நிற்கும்.

பெயர் செலவான விதம்

1960களின் தொடக்கத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்ற நான்கு நிறக் குடை ஒன்று பால்மரின் வியாபாரச் சின்னமாகப் பதியப்பட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் அடையாளம். உடுப்பில் வந்தது, மட்டையில் வந்தது, மைதானங்களில் வந்தது. என்ஜின் எண்ணெய்க் கம்பனி ஒன்றின் விளம்பரத்தில் பழைய உழவு இயந்திரத்தோடு அவர் தோன்றினார். புற்றரை பராமரித்தவரின் மகன் இயந்திரத்துக்கு எண்ணெய் பரிந்துரைத்தால் எவரும் சந்தேகப்படுவதில்லை. தேநீரையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குளிராகக் குடிப்பது அவருடைய வழக்கம். அந்தப் பானத்துக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, பின்னர் அது போத்தலிலும் டின்னிலும் அடைத்து விற்கப்பட்டது. 1995 ஜனவரியில் கோல்ப் விளையாட்டுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்ட போது அதன் இணை நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். ஒரே விளையாட்டை 24 மணி நேரமும் யார் பார்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் முன்னிலையில் அந்தப் பெயர்தான் பிணை நின்றது.

இந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் இருந்தது. பொருத்தம் இல்லாத இடங்களிலும் அவர் பெயர் போனது. 1960களில் உலர் சலவை நிலையங்கள் கூட அவர் பெயரில் திறக்கப்பட்டன. அவற்றை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்தக் காலத்தில் சிகரட் விளம்பரத்திலும் தோன்றினார். 1980களில் புளோரிடாவின் ஓர்லாண்டோவுக்கு அருகில் ஐசல்வேர்த் என்ற பெரிய வீடமைப்புத் திட்டத்தில் பங்காளியானார். அயலிலுள்ள ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் வெள்ளத்தால் ஏற்பட்ட சேதத்துக்காக வழக்குத் தொடுத்து வென்றார்கள். திட்டம் கடைசியில் உரியவர்களின் கையை விட்டுக் கடன் கொடுத்தவர்களிடம் போனது. அத்தகைய திட்டமொன்றில் நிலம் அளப்பதும் வடிகால் வெட்டுவதும் வேறு ஆட்கள். ஆனால் பத்திரிகையில் வருவது பெயருக்குரியவரின் பெயர்.

எடுக்க வேண்டியதும் தள்ள வேண்டியதும்

ஒருவரின் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்கும் போது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை. பால்மரின் பெயர் மதுபானத்துக்கும் போனது. அவர் பெயரிலுள்ள தேநீர்ப் பானத்தின் மது கலந்த வகையை அவர் இறந்த பின் 2018 இல் பெரிய மதுபானக் கம்பனி ஒன்று சந்தைப்படுத்தியது. நமக்கு அது ஹராம் என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு வர்த்தகப் பாடமும் இருக்கிறது. பெயரை விற்பனைப் பொருளாக்கிவிட்டால், நாம் போன பின்னரும் அது நாம் நினைத்திராத போத்தல்களில் ஒட்டப்படலாம். எல்லையை நாம் உயிரோடு இருக்கும் போதே போட்டுவிட வேண்டும்.

அடுத்தது அந்தக் கைகுலுக்கல். வாய்வார்த்தையில் நடந்த பெரிய வியாபாரம் என்று இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்கும் போது நமது முதலாளிமார் பலர் மகிழ்ச்சியடைவார்கள். நாங்களும் அப்படித்தான் என்பார்கள். நான் இதில் மாறுபடுகிறேன். அந்த இருவருக்கும் அது சரிவந்தது. ஆனால் கைகுலுக்கிப் பிரிந்து பள்ளிவாசல் நிருவாகசபை வரை வந்த பங்காளிச் சண்டைகள் நமது ஊர்களில் எத்தனை? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைக்கும்படி ஸூரதுல் பகராவின் 282 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுதான். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மட்டும் அது இறங்கவில்லை. எழுதுவது நம்பிக்கையைக் குறைப்பதல்ல, அதைக் காப்பாற்றுவது.

பெயரே முதல் என்ற கருத்தையும் நாம் அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்பே மக்கமா நகரில் 'அல்-அமீன்' என்று அழைக்கப்பட்டார்கள். கதீஜா (ரழி) அவர்கள் தமது வியாபாரச் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பியது அந்தப் பெயரை நம்பித்தான். கையில் முதல் இல்லாத இளைஞருக்கு நேர்மையே முதலாக நின்ற வரலாறு அது. பால்மரின் கதை நமக்குச் செய்வது, மறந்துபோன நமது பாடத்தை இன்றைய டொலர் கணக்கில் ஞாபகப்படுத்துவது மட்டுமே.

நமது கடைகளுக்கு

தொலைக்காட்சியில் தோன்றிய உலகச் சம்பியனுக்கும் அக்குறணையிலோ காத்தான்குடியிலோ புடவைக் கடை வைத்திருப்பவருக்கும் என்ன ஒப்பீடு என்று கேட்கலாம். அளவு வேறு என்பது உண்மை. ஆனால் ஊருக்குள் பத்தாயிரம் பேர் அறிந்த பெயர் அந்தப் பத்தாயிரம் பேருக்குள் அதே வேலையைத்தான் செய்கிறது. சின்ன ஊரில் பெயர் வளர்வதற்கு இருபது வருடம் எடுக்கும், கெடுவதற்கு ஒரு ஜும்ஆ போதும்.

பெயரை நாம் இழக்கும் வழிகளை நான் பார்த்த அளவில் சொல்கிறேன். ஒன்று, இரவல் கொடுப்பது. புதிதாக ஒருவர் இலாபப் பங்கு தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்ட வருகிறார். அவருக்கு ஊரில் முகமில்லை. எனவே மதிப்புள்ள ஒரு ஹாஜியாரைத் திறப்பு விழாவுக்கு அழைக்கிறார், பணிப்பாளர் என்று ஓர் இருக்கை கொடுக்கிறார். ஹாஜியார் ஒரு சதமும் போடவில்லை, கணக்குப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் விதவைகளும் வெளிநாட்டில் உழைத்து வந்தவர்களும் பணம் போடுவது அவர் முகத்தைப் பார்த்துத்தான். திட்டம் விழும்போது கொண்டுவந்தவர் ஊரில் இருக்கமாட்டார். ஹாஜியாரின் கடைதான் அதே தெருவில் இருக்கும். ஐசல்வேர்த்தில் பால்மருக்கு நேர்ந்ததை விட இது கடுமையானது. அவருடைய அயலவர்களுக்கு நீதிமன்றம் நட்டஈடு கொடுத்தது. நமது ஊர் விதவைக்கு எந்த நீதிமன்றம் எப்போது கொடுக்கும்?

இரண்டு, மலிவாகக் குத்தகைக்கு விடுவது. ஒரு மொத்த வியாபாரியின் சரக்கை மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பெயர்ப் பலகையை இலவசமாகப் பெறுகிறோம். பலகையின் முக்கால்வாசி அவருடைய பொருளின் பெயர், மூலையில் சிறிய எழுத்தில் நமது பெயர். பத்து வருடத்தில் வாடிக்கையாளர் அந்தப் பொருளின் கடை என்று சொல்லப் பழகிவிடுகிறார். பலகைச் செலவை மிச்சம்பிடித்துப் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

மூன்று, வாரிசுகளுக்கு விளக்கமில்லாமல் விட்டுப்போவது. தந்தை வபாத்தானதும் சரக்கும் காணியும் பராயிழ் சட்டப்படி பங்கிடப்படுகின்றன, அதில் குழப்பமில்லை. கடைப் பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் சகோதரர்கள் முகம் பார்க்காமல் போகிறார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று கடைகள், ஒன்றில் கலப்படம் என்றால் மூன்றுக்கும் கெட்ட பெயர். பால்மர் 2016 செப்டெம்பர் 25 ஆம் திகதி 87 வயதில் காலமானார். அவர் பெயரைப் பராமரிக்கும் நிறுவனம் அவர் வாழ்ந்த காலத்திலேயே ஒழுங்காக அமைந்திருந்தது. ஓர்லாண்டோவில் அவர் பெயரிலான போட்டி அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது. 1989 இல் அதே நகரில் அவர் பெயரில் திறக்கப்பட்ட சிறுவர் மருத்துவமனையும் நிலைத்தது. கோல்ப் மட்டையைத் தொட்டிராத தாய்மாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருப்பதற்கு அதுவே காரணம்.

எனவே எனது யோசனை இதுதான். வருடக் கணக்கு முடிக்கும் அன்று, சரக்கு, கடன், காசு எழுதிய பின் இன்னுமொரு பக்கம் திறவுங்கள். இந்த வருடம் என் பெயரை யார் யாருக்குக் கொடுத்தேன்? யாருடைய காசோலைக்குப் பின்னால் கையொப்பமிட்டேன், யாருக்குப் பிணை நின்றேன், எந்தத் திறப்பு விழாவில் நாடா வெட்டினேன்? அந்தக் கணக்குப் புத்தகங்களை நான் பார்த்தேனா? என் பெயர் சொல்லி விற்கப்பட்ட எந்தப் பொருளை என் வீட்டுக்கு நான் வாங்கமாட்டேன்? நான் இல்லாத நாளில் இந்தப் பெயர் யாருடைய பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறேனா? பதில்களை நேர்மையாக எழுதினால், சில பெயர்களை அடுத்த வருடப் பக்கத்திலிருந்து நீங்களே வெட்டிவிடுவீர்கள். முகத்தாட்சணியத்துக்காக முடியாது என்று சொல்லத் தயங்குபவர்களுக்கு இந்தப் பக்கம் நல்ல துணை. கணக்குப் பார்க்காமல் பெயர் கொடுப்பதில்லை என்பது எங்கள் கடை வழக்கம் என்று சொன்னால் யாரும் கோபிக்க முடியாது.

கை வலுவிழக்கும் நாள் எல்லாத் தொழிலுக்கும் வரும். கோல்ப் வீரருக்கு அது நாற்பது வயதில் வரலாம், கடைக்காரருக்கு அறுபதில் வரலாம். அன்று கல்லாவில் இருப்பதை விடப் பலகையில் இருப்பதே பிள்ளைகளுக்கு அதிகம் சோறு போடும். அந்தப் பெயரை ஹலாலாகத் தேடி, அமானிதமாகக் காத்து, அடுத்த தலைமுறையிடம் கறையின்றிக் கையளிக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அல்லாஹ் தருவானாக.